தூக்க மாத்திரையை நிறுத்தி 9 நாள் ஆச்சு, நடுக்கமும் தூக்கமில்லாம இருக்கிறதும் எப்ப சரியாகும்?

கேட்டவர் 5 வருஷமா ராத்திரி அல்பிரசோலம் போட்டிருக்காரு, 9 நாளைக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாம ஒரேடியா நிறுத்திட்டாரு. இப்ப தூக்கம் சுத்தமா இல்ல, கை நடுங்குது, மிக்ஸி சத்தம் கூட தாங்கலன்னு எழுதிட்டு "எனக்கு மன உறுதி இல்லையா"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்ல இத படிச்சு முடிச்சதும் ஒரு மனநல டாக்டர பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. பல வருஷம் போட்ட மாத்திரைய பட்டுனு விட்டா சில பேருக்கு ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்தா போகும். உடம்பு தூக்கி தூக்கி போடுறது, இல்லாதது கண்ணுக்கு தெரியுறது, ஆள் அடையாளம் குழம்புறது இதுல எது வந்தாலும் நேரா காசுவாலிட்டிக்கு போயிடுங்க, போய் இன்ன மாத்திரை இத்தன வருஷம் போட்டேன் இன்ன தேதியில நிறுத்தினேன்னு மறைக்காம சொல்லுங்க. பழைய அளவையே நீங்களா திரும்ப ஆரம்பிக்கவும் வேணாம், அதையும் டாக்டர் சொல்லட்டும்.

இப்ப என் கதை. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு பார்க்கிறேன். 2016ல ஒரு ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டி ஹார்ட் அட்டாக்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஈசிஜி நார்மல், பதட்டம்தான்னு சொல்லி அல்பிரசோலம் எழுதிக்கொடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்குத்தான். அன்னிக்கு தூங்குன தூக்கம் இருக்கே, அப்படி நான் தூங்கியே பல மாசம் ஆகியிருந்துச்சு. ரெண்டு வாரம் முடிஞ்சு அந்த சீட்டையே திரும்ப திரும்ப மெடிக்கல்ல காட்டினேன், தெரிஞ்ச கடை, கொடுத்தாங்க. இது ஷெட்யூல் ஹெச்1 மருந்து, 2014லருந்து தனி ரிஜிஸ்டர்ல டாக்டர் பேரு நோயாளி பேரு எல்லாம் எழுதித்தான் விக்கணும்னு சட்டம் இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அட்டையில சிவப்பு கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிச்சிருக்கும், 5 வருஷம் தினமும் கையில எடுத்தும் அத நான் ஒரு நாளும் படிச்சதில்ல. பாதி ஒன்னாச்சு, ஒன்னு ரெண்டாச்சு.

2021 பொங்கலுக்கு ஒரு வைராக்கியத்துல அட்டைய குப்பையில போட்டேன். மூணாம் நாள் காலையில அடுப்படியில என் பொண்ணு ஒரு சில்வர் டம்ளர கீழ போட்டா. அந்த சத்தம் காதுல கேக்கல, பல்லுல கேட்டுச்சு, எனக்கு வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. உடம்பெல்லாம் வேர்த்து சுவத்த பிடிச்சிட்டு நின்னேன். சட்டை காலர்ல இருக்கிற லேபிள் கழுத்துல பட்டாலே எரியும், வீட்டு ஆளுங்க முகமே ஏதோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிற மாதிரி தெரியும். எங்கம்மா பக்கத்துல உக்காந்து "ஒரு மாத்திரைய உட முடியாதா சாமி உன்னால"ன்னு கேட்டாங்க. அவங்க பாசத்துலதான் கேட்டாங்க, ஆனா அந்த கேள்விதான் என்னை ரொம்ப நாள் அறுத்துச்சு. நீங்க கேட்ட கேள்வியும் அதேதான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அஞ்சாம் நாள் என் மனைவி "ஏனுங்க, வெக்கப்பட்டுட்டு வீட்டுலயே கெடந்தா ஆகாதுங்க, கெளம்புங்க"ன்னு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போனாங்க. அங்க இருந்த டாக்டரம்மா முழுசா கேட்டுட்டு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: "நீங்க போதைக்காக இத சாப்பிடல. உங்க மூளை இதுக்கு பழகிடுச்சு, அவ்வளவுதான். பழகின மூளைக்கு பழகாம இருக்க டைம் கொடுக்கணும், திட்டினா கேக்காது."

அவங்க விளக்கினது இதுதான். மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது பிரேக் மாதிரி. இந்த வகை மாத்திரை எல்லாம் (அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம்) அந்த பிரேக்க நல்லா அழுத்தி பிடிக்கும். மாசக்கணக்குல வெளியிலருந்து ஒருத்தர் பிரேக் பிடிச்சிட்டே இருந்தா மூளை தன்னோட பிரேக்க தளர்த்திடுது. திடீர்னு அந்த ஆள் எந்திரிச்சு போயிட்டா வண்டி இறக்கத்துல என்ன ஆகும்? அதுதான் உங்க நடுக்கம், அதுதான் மிக்ஸி சத்தம். இதுல மன உறுதி எங்க வருது சொல்லுங்க.

அல்பிரசோலம் உடம்புல சீக்கிரம் குறைஞ்சிடும், டயசெபாம் நாள் கணக்குல மெதுவா குறையும். அதனால என்னை கொஞ்சம் கொஞ்சமா டயசெபாமுக்கு மாத்தி அப்புறம் அத குறைச்சாங்க. இங்கிலாந்துல நியூகேசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியை 1982லருந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே கிளினிக் நடத்தி இந்த முறைய நிறைய பேருக்கு கொண்டுபோனாங்கன்னு டாக்டரம்மாதான் சொன்னாங்க, வேகத்த முடிவு பண்றதுல நோயாளி சொல்றதையும் கேக்கணுங்கிறது அவங்க வழியாம். 2025ல அமெரிக்காவுல பல மருத்துவ சங்கங்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டுதல்லயும் ஆரம்பத்துல 2லருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை 5லருந்து 10 சதவீதம் குறைக்கிறத பத்தித்தான் பேசுறாங்க. என்னோட அளவு எவ்வளவுன்னு வேணும்னேதான் எழுதல. ஒவ்வொருத்தர் வயசு, லிவர், வேற மாத்திரை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் மாத்துவாங்க, என் கணக்க பார்த்து நீங்க பண்ணிடக்கூடாது.

முழுசா விட எனக்கு 13 மாசம் ஆச்சு. மாத்திரைய பாதியா உடைக்கணும், நான் உடைச்சா நடுக்கத்துல பொடியாகிடும். எங்கம்மா, அதே அம்மாதான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சில்வர் தட்டு மேல வெச்சு நடுக்கோட்டுல புது பிளேட வெச்சு ஒரே அழுத்து அழுத்துவாங்க, நகைக்கடையில மோதிரம் சுத்திக் கொடுக்கிற ரோஸ் பேப்பர துண்டு துண்டா கிழிச்சு ஏழு பொட்டலம் மடிப்பாங்க. கிழமைய மேல எழுதி பூஜை ரூம் அலமாரியில வெச்சு பூட்டி சாவிய என் மனைவிகிட்ட கொடுத்திடுவாங்க. என்கிட்ட அட்டை இருக்கவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.

குறையும்போது நேர்கோடா நல்லாகாது, இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நான் பாதி பயந்திருக்க மாட்டேன். நாலு நாள் நல்லா இருக்கும், அஞ்சாம் நாள் திரும்ப ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். அலை மாதிரி வரும், போகும். ஒரு டைரியில தினமும் ஒரே வரி எழுதுவேன், எத்தன மணி நேரம் தூங்கினேன், நடுக்கம் எப்படின்னு. மூணு மாசம் கழிச்சு புரட்டி பார்த்தப்பதான் அலைக்கும் அலைக்கும் நடுவுல இடைவெளி கூடிட்டே வர்றது தெரிஞ்சுது, அன்னிக்கு டைரிய மூடிட்டு அழுதேன். மோசமான வாரத்துல டாக்டரம்மா குறைக்கல, அதே அளவுல நிக்க சொல்லிட்டாங்க. நிக்கிறது தோல்வி இல்ல, இத மனசுல வெச்சுக்கோங்க.

தூக்கத்துக்கு எனக்கு உதவுனது, எப்ப தூங்கினாலும் காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சது, பகல்ல படுக்காம இருந்தது, மதியத்துக்கு மேல டீ காபிய விட்டது, தூக்கம் வரலேன்னா புரளாம எந்திரிச்சு திண்ணையில போய் உக்காந்தது. சாராயம் பீர் பக்கமே போகாதீங்க, அதுவும் அதே பிரேக்குலதான் போய் உக்காரும், மாத்திரையோட சேர்ந்தா மூச்சே நின்னுடலாம். இன்னொன்னு, கொஞ்ச நாள் விட்டு இருந்துட்டு ஒரு ராத்திரி தாங்காம பழைய அளவையோ அதுக்கு மேலயோ போட்டா உடம்பு முன்ன மாதிரி தாங்காது, அது ரொம்ப ஆபத்து.

கடைசி பொட்டலம் முடிஞ்சப்புறமும் அஞ்சாறு மாசம் சின்ன சின்ன அலை வந்துச்சு, காதுல ரீங்காரம்தான் கடைசியா போனது. ஆரம்பத்துல வந்த பதட்டம் மட்டும் தானா போகல, அதுக்கு தனியா கவுன்சிலிங் போனேன், இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போறேன்.

நான் பட்டப்ப இல்லாத ஒன்னு இப்ப உங்களுக்கு இருக்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர் 14416, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. வாழவே வேணாம்னு ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கூப்பிடுங்க, வீட்டுல ஒருத்தர எழுப்புங்க.

9 நாள் தனியா தாங்கியிருக்கீங்க. பத்தாவது நாள் தனியா வேணாம், வீட்டுல யாரையாவது கூட கூட்டிட்டு போங்க. போயிட்டு வந்து டாக்டர் என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க, நான் பார்ப்பேன்.