பீடத்தில் விரிசல்: பெயர் ஏஜென்ட்டுக்கு, பழி மட்டும் எனக்கா?

கேள்வி: மயிலாடியில் பன்னிரண்டு வருடம் பிறர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கல் சிற்பம் செய்கிறேன். ஒரு ஏஜென்ட் சொல்லி, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குடும்பக் கோயிலுக்கு மூன்றடி கணபதி செய்து கொடுத்தேன். அந்தச் சிலையின் படத்தைத் தன் கடையின் படைப்பு என்று போட்டு அவர் ஆர்டர் பிடிக்கிறார். நாலு மாதம் கழித்துப் பீடத்தில் விரிசல் என்று கோயில்காரர் கேட்டதும், "செய்தவனைக் கேளுங்கள்" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் வக்கீலாக நான் முதலில் சொல்வது, போய் அந்த விரிசலைப் பாருங்கள். பெயர் விஷயத்தை அப்புறம் பேசலாம்.

பிரதிஷ்டை ஆன சிலை என்பதால் கோயில்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஈரத்துணியால் பீடத்தைத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் நில்லுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து வெளுக்கும்போது விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோடு எங்கிருந்து தொடங்குகிறது? விளிம்பில் சங்கிலியோ கடப்பாரையோ பட்டுச் சில்லு தெறித்த இடத்திலிருந்து ஓடினால், லாரியில் ஏற்றி இறக்கும்போது அடிபட்டிருக்கலாம். கல்லின் ரேகையோடு சேர்ந்தே ஓடினால், பட்டறையை விட்டுக் கிளம்பும்போதே அது உள்ளே இருந்திருக்கலாம். தட்டிச் சத்தம் கேட்டுக் கல் எடுக்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். போட்டோ மட்டும் மறக்காமல் எடுங்கள்.

குற்றம் உங்கள் கல்லில்தான் என்று மனதுக்குப் பட்டால், வேறு பீடம் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் வாங்கி விற்றவர் ஏஜென்ட். அதனால் கோயில்காரர் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான். ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் செய்தவரையும் சேர்த்தே இழுப்பார்கள், அதற்கு அவர்களுக்கு 2 வருட அவகாசமும் உண்டு. இதையெல்லாம் விட, சிலை என்னுடையது என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். அப்படியானால் பீடமும் உங்களுடையதுதான்.

இனி உரிமை. காப்பிரைட் என்கிறோமே, அந்தப் பதிப்புரிமைக்கான 1957-ஆம் வருடச் சட்டத்தில் சிற்பமும் ஒரு கலைப் படைப்பு. கணபதியின் உருவமும், சிலையின் அளவுகளை வகுக்கும் தாளக் கணக்கும் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் உளியில் வந்த அந்த முகமும் தும்பிக்கையின் வளைவும் உங்களுடையவை. பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை. பதிவு செய்து வைத்தால் நாளைக்குச் சாட்சியாக உதவும், அவ்வளவுதான்.

ஆர்டர் கொடுத்துக் காசும் கொடுத்தவருக்குத்தானே உரிமை என்று ஏஜென்ட் சொல்லலாம். போட்டோ, ஓவியம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அது சரி. சட்டத்தின் 17-வது பிரிவில் உள்ள அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. சிலையைக் கோயில் வாங்கிவிட்டது, படைப்பின் உரிமை உங்களிடமே நிற்கிறது. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. பழைய பட்டறையில் சம்பளத்துக்குச் செய்தவை வேறு கணக்கு, அவற்றின் பதிப்புரிமை பொதுவாக முதலாளிக்குப் போகும்.

அப்படிப் போனாலும் போகாத ஒன்று இருக்கிறது. இதைச் செய்தது நான் என்று சொல்லும் உரிமையும், படைப்பைச் சிதைத்து உங்கள் பெயரைக் கெடுத்தால் தட்டிக் கேட்கும் உரிமையும் 57-வது பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிச் சேதப்படுத்திக் கிடங்கில் போட்டார்கள். சொத்து அரசாங்கத்துடையது. இருந்தும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்ததைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. மயிலாடியில் உளி பிடிக்கிற ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவரைச் செய்தவர் யார் என்று கேட்டால் கணபதி ஸ்தபதி என்று பதில் வரும். 2004 சுனாமியில் அந்தச் சிலைக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் அதே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். அவரோடு வேலை செய்த எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அதனால் அடுத்த சிலையிலிருந்து உங்கள் பெயரும் ஊரும் வருடமும் கல்லிலேயே இருக்கட்டும். வழிபாட்டு மூர்த்தியின் மேனியில் வேண்டாம், பீடத்தின் பின்பக்கம் அடியில் சின்னதாக வெட்டினால் போதும். சிலையைப் பீடத்தோடு ஒட்ட வைக்கும் அஷ்டபந்தன மருந்தைச் சாத்தும்போது மறையாத இடமாகப் பாருங்கள். லாரியில் ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, வாங்குகிறவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். "இந்தச் சிலையைச் செய்தவர் இன்னார். படம் போடும்போது பெயர் போட வேண்டும். கல்லில் உள்ள குற்றத்துக்கு ஒரு வருடம் நான் பொறுப்பு. ஏற்றி இறக்குவதில் வரும் சேதத்துக்கு எடுத்துச் செல்பவர் பொறுப்பு." இந்த நாலு வரி போதும்.

ஏஜென்ட்டுக்கு இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். போட்ட படங்களில் உங்கள் பெயரைச் சேர்க்க 15 நாள் கொடுங்கள். விரிசலைப் பார்த்த தேதியையும், அதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அதன் நகல் ஒன்று கோயில்காரருக்கும் போகட்டும்.