பழைய சிவப்பு மாருதி 800. பெயின்ட் வெளிறி, சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கிறது. முழு பெயின்ட் அடிக்காமல் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியுமா?

முடியும். பெயின்ட் உரியாமல் வெறுமனே வெளிறித்தான் போயிருக்கிறது என்றால், அந்தச் சிவப்பு பெரும்பாலும் இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. பெயின்டரிடம் விடுவதற்கு முன் ஒரு சனி ஞாயிறை இதற்கு ஒதுக்குங்கள். கம்பெனியில் அடித்த பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதே தரத்தில் திரும்ப அடிக்க வழியில்லை. தொழிற்சாலையில் வெறும் பாடியை அடுப்பில் விட்டு, 120 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பெயின்டை இறுக வைக்கிறார்கள். ரப்பர், வயரிங், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டிய வண்டியை அவ்வளவு சூட்டில் வைக்க முடியாது. பெயின்ட் அடிக்க நல்ல பூத் (மூடிய அறை) உள்ள ஒர்க்‌ஷாப்பிலும் 60 டிகிரி வாக்கில்தான். அதனால் அந்தப் பழைய பெயின்டைக் காப்பாற்ற முடிகிறவரை காப்பாற்றுங்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகைப் பெயின்ட் என்று பாருங்கள். பானெட்டின் ஓர் ஓரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு லேசாகத் தேயுங்கள். துணி சிவந்தால் நல்ல சேதி. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் கலந்த பழைய முறைப் பெயின்ட் அது. அந்தக் காலத்துச் சிவப்பு, வெள்ளை போன்ற சாதா நிறங்கள் பலவும் இப்படித்தான். துணியில் நிறமே ஏறவில்லை என்றால் மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு இருக்கிறது; மெட்டாலிக் வண்டிகளில் அதுதான் வழக்கம். கிளியர் கோட் மங்கலாக மட்டும் இருந்தால் பாலிஷ் செய்யலாம். வெள்ளைத் திட்டுகளாகப் பொருக்கு விட்டு உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது, அந்தப் பாகத்துக்குப் பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். யாராவது கிரீம் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆவது ஏன் என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது. பெயின்டில் நிறமித் தூளைப் பிடித்து வைத்திருப்பது ரெசின். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் இருக்கும் ரெசினை அரித்துவிடுகிறது. பிடிமானம் போன தூள் மேலே தங்கி, வெளிச்சத்தைச் சிதறடித்து, வெளிறிய தோற்றம் தருகிறது. ரூஃப், பானெட், டிக்கி மூன்றும் முதலில் போவதும், கதவுகள் ஓரளவு தப்பிப்பதும் இதனால்தான். பானெட்டில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை அடர்ந்த சிவப்பு தெரியும், காயக் காய ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டே வரும். ஈரத்தில் தெரிகிற அந்த நிறத்தை ஒட்டித்தான் உங்களுக்குப் பலன் கிடைக்கும். கதவைத் திறந்து, வெயில் படாத உள்பக்கச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள், அசல் நிறம் அங்கே இருக்கும்.

வேலையை நிழலில், பாடி சூடில்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) இருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். தார்ப்புள்ளி, ஒட்டிய தூசு எல்லாம் வந்துவிடும்.

எல்லாரும் அவசரப்படுகிற இடம் அடுத்தது. கடைக்காரர் கொடுக்கிற கரகரப்பான ரப்பிங் கம்பவுண்டை எடுத்ததும் போடாதீர்கள். பழைய பெயின்ட் வறண்டு கிடக்கிறது, முதலில் அதற்கு எண்ணெய்ப் பசை வேண்டும். மெக்வயர்ஸ் நம்பர் 7 என்கிற கிளேஸ் (எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ்) இதற்குப் பெயர் போனது. அதைத் தடிமனாகப் பூசி, பழைய டர்க்கி டவலால் நன்றாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் இன்னும் கொஞ்சம் பூசி இளக்கித் துடையுங்கள். இறந்த தூள் துணியோடு வரும், நிறம் ஆழமாகும். எங்கள் வீட்டு 800-க்கு இப்படிச் செய்தபோது, ஊறிய இடத்துக்கும் ஊறாத இடத்துக்கும் நடுவே கோடு போட்டது போல வித்தியாசம் தெரிந்தது.

அதற்குப் பிறகும் மங்கல் இருந்தால்தான் கம்பவுண்ட். அதிலும் மெல்லியதில் தொடங்கி, ஒரு சாண் இடத்தில் சோதித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். துணியை அடிக்கடி மடித்து மாற்றுங்கள். உதிர்ந்த தூள் துணியில் கட்டிக்கொண்டு கீறல் போடும். ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு எல்லாம் சேர்ந்தே பெயின்டின் தடிமன் 100 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. முன்பே யாராவது பஃபிங் செய்திருந்தால் இன்னும் குறைவு. மடிப்பு ஓரங்களில் அது மிக மெல்லியது, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைப் பழகாத கையில் எடுக்க வேண்டாம், ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் சூடேறிப் பெயின்ட் எரிந்துவிடும். சுழன்றபடியே அசைந்தும் ஓடும் டி.ஏ. பாலிஷர் நிதானமானது, வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடலாம் என்று யாராவது சொன்னால், ஆழமான கீறல் உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் விடாதீர்கள்.

டீசல், தேங்காய் எண்ணெய் தடவுவது பலரும் சொல்லும் வைத்தியம். ரெண்டு நாள் மின்னும், அப்புறம் அத்தனை தூசியும் வந்து ஒட்டும். டூத்பேஸ்ட்டும் வேண்டாம்.

நிறம் வந்ததும் வேக்ஸ் போடாமல் வண்டியை வெயிலில் நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண். நம் ஊர் வெயிலுக்கு ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் தேவைப்படும். போர் தண்ணீரில் கழுவினால் தானாகக் காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள், உப்புக்கறை பிறகு லேசில் போகாது.

ரூஃபில் ஏற்கெனவே ப்ரைமர் தெரிகிறது என்றால் அதற்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும், முழு வண்டிக்கும் தேவையில்லை. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட் கேளுங்கள். நிறம் பார்க்க வண்டியைக் கொடுப்பதற்கு முன் கதவு, பானெட் எல்லாவற்றையும் பாலிஷ் செய்து முடித்திருங்கள். வெளிறிய கதவைப் பார்த்துப் பெயின்டர் நிறம் கலந்துவிட்டால், பிறகு பாலிஷ் போடும்போது ரூஃப் ஒரு சிவப்பு, கதவு ஒரு சிவப்பு என்று ஆகிவிடும்.