கடைவீதி மறுபடி தலையெடுக்குமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு நகரங்களின் பழைய கடைவீதிகள் ஏன் வெறிச்சோடிப் போகின்றன என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடைக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள், கட்டட உரிமையாளர்கள், அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே பெரிய மால் வந்தது, கடைவீதி படுத்துவிட்டது. இதில் யோசிக்க வேறு என்ன இருக்கிறது?

மாலுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. முழுக்க மூடி, குளிரூட்டிய முதல் மால் 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இடைனா என்ற ஊரில் திறந்தது. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூன். மக்கள் நடந்து, நின்று, பேசுகிற ஒரு நகர மையத்தைப் புறநகரில் உண்டாக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. சுற்றிலும் வீடுகள், பள்ளிகள், மருத்துவ நிலையம், பூங்கா எல்லாம் திட்டத்தில் இருந்தன. மற்றவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நடுவில் மால், சுற்றிலும் கார் நிறுத்தும் திடல், அவ்வளவுதான். அப்படி முளைத்த மால்களோடு தனக்குச் சம்பந்தமே இல்லை என்று கடைசிக் காலத்தில் அவர் பகிரங்கமாகவே சொல்லிவிட்டார்.

ஆனால் மால் வருவதற்கு முன்பே பல கடைவீதிகளில் ஓட்டை விழுந்திருக்கும். உங்கள் தெருவில் தபால் நிலையம் எப்போது இடம் மாறியது? வங்கி? நகராட்சி அலுவலகம்? பேருந்து நிறுத்தம்? ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்லியிருப்பார்கள். இடம் போதவில்லை, வண்டி திரும்ப வழியில்லை என்று. ஆனால் தபால் போட வந்தவர்தான் போகிற வழியில் நூல்கண்டு வாங்கினார். நூல்கண்டுக்காக மட்டும் யாரும் கிளம்பி வருவதில்லை. அவர் வராமல் போனதைக் கடைக்காரர் 'வியாபாரம் டல்' என்று மட்டும்தான் உணர்ந்திருப்பார்.

கனடாவின் டொரான்டோவில் ப்ளூர் தெருவில் நடந்ததைப் பாருங்கள். 1960-களில் அங்கே டிராம் நின்று, சுரங்க ரயில் வந்தது. அதுவரை ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனவர்கள், தினமும் அதே பாதையில் தெருவுக்கு அடியில் போக ஆரம்பித்தார்கள். ஊருக்குப் பெரிய வசதி, தெருவுக்குப் பெரிய அடி. மால்களும் சேர்ந்துகொண்டன. அந்தத் தெருக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதைக் கடைசிக் கேள்விக்கு வரும்போது சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வரிசையாக ஷட்டர்கள் மூடிக் கிடக்கின்றன. குறைந்த வாடகைக்காவது விட்டால் என்ன? உரிமையாளர்களுக்குப் பணம் வேண்டாமா?

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். கடைவீதியைப் பற்றிப் பேசும்போது கடைக்காரரைப் பேசுகிறோம், வாடிக்கையாளரைப் பேசுகிறோம். கட்டடம் யாருடையது என்று கேட்பதே இல்லை.

காலியாகக் கிடப்பது பல உரிமையாளர்களுக்கு வலிப்பதில்லை. ஒரு கட்டடத்துக்கு ஐந்து வாரிசுகள் இருப்பார்கள். ஒருவர் தூர தேசத்தில் இருப்பார், இன்னும் இரண்டு பேருக்குள் பேச்சே இருக்காது. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஷட்டர் திறக்கும். இன்னொரு வகை, கடன் வாங்கிக் கட்டியவர்கள். கட்டடத்தின் மதிப்பை வாடகையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வாடகையைக் குறைத்து ஒப்பந்தம் போட்டால் சொத்தின் மதிப்பே விழுந்ததாக ஆகும், கடன் கொடுத்த வங்கி கேள்வி கேட்கும். அதனால் கிடைக்காத பெரிய வாடகையைச் சொல்லிக்கொண்டே வருடக்கணக்கில் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஜப்பானின் சிறு நகரங்களில் மூன்றாவது வகை அதிகம். முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ வீடு. வயதாகி வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அங்கேயேதான் குடியிருக்கிறார்கள். முன்பகுதியை இன்னொருவருக்கு விட்டால் அவர் இவர்கள் வீட்டு வழியாகத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? அதோடு, வீட்டு மனை என்றால் 200 சதுர மீட்டர் வரை நிலத்தின் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் அங்கே சொத்து வரி. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. இவர்களை வில்லன்களாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் பத்துப் பேர் இப்படி இருந்துவிட்டால் பதினோராவது கடைக்காரர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இதற்கு மூன்று இடங்களில் மூன்று விதமாக வழி தேடினார்கள். இங்கிலாந்தில் 2023-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையின் வாடகை உரிமையை உள்ளாட்சி அமைப்பே ஏலம் விடலாம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒப்பந்தம். 2024 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. தடி எடுத்து மிரட்டுகிற வழி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமையாளருக்கு முதலில் அவகாசம் தரப்படுகிறது, ஏலம் கடைசிக் கட்டம்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நேர் எதிரான வழி. 1999-இல் இரும்பாலை மூடிய ஊர் அது, பழைய கடைத்தெருவான ஹண்டர் தெருவில் ஷட்டர் ஷட்டராக மூடிக் கிடந்தது. 2008-இல் ஒரு சிறு அமைப்பு உரிமையாளர்களிடம் போய், "வாடகை ஒப்பந்தம் வேண்டாம், தற்காலிக அனுமதி மட்டும் கொடுங்கள். உங்களுக்கு ஆள் கிடைத்தால் 30 நாள் முன்னால் சொல்லுங்கள், காலி செய்து கொடுத்துவிடுகிறோம்" என்று கேட்டது. நகை செய்பவர்கள், ஓவியர்கள், தைப்பவர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து தொழில் செய்தவர்கள் அந்தக் கடைகளுக்குள் வந்தார்கள். 'விட்டால் திரும்ப வாங்க முடியாது' என்ற உரிமையாளரின் பயத்தைப் போக்கியதுதான் அதன் சாமர்த்தியம். மூன்றே வருடத்தில், பார்க்க வேண்டிய உலக நகரங்களின் பட்டியலில் ஒரு பெரிய பயண வழிகாட்டி அந்த ஊரைச் சேர்த்தது.

மூன்றாவது, ஜப்பானின் தகாமட்சு. சிறிய ஊர் இல்லை, நான்கு லட்சம் பேர் வாழும் நகரம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு முழுமையாக யாரும் செய்ததில்லை. மருகாமே-மாச்சி கடைவீதியின் உரிமையாளர்கள் நிலத்தை விற்கவில்லை. தாங்களே சேர்ந்து அமைத்த நிறுவனத்துக்கு 60 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். நிலத்துக்கான வருமானம் தெருவின் வியாபாரத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். மாடிகளில் குடியிருப்புகள் வந்தன. முதல் பகுதி 2006-இல் முடிந்தது. அதற்கு முன் பேசிப் பேசி ஒத்துக்கொள்ளவே பல ஆண்டுகள் பிடித்தன. என் நிலம், என் கடை என்பதை விட்டு 'நம் தெரு லாபத்தில் என் பங்கு' என்று வருவது லேசான காரியமா?

வண்டி நிறுத்த இடம் கொடுத்தால் கூட்டம் தானாக வராதா?

ஓரளவுக்கு வரும். ஆனால் எல்லாப் பழியையும் இதன் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களிடமே கேட்டபோது வந்த விடை 22. கடைக்காரர்களில் பலர் காரில் வருபவர்கள், அதனால் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று தோன்றிவிடுகிறது.

இன்னொன்று. ஒரு கார் நிற்பதற்கும் அது உள்ளே வந்து திரும்பிப் போவதற்கும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். அது ஒரு சின்னக் கடையின் அளவு. தெரு நடுவில் நாலு பழைய கட்டடத்தை இடித்துத் திடலாக்கினால் அந்த இடத்தில் நடப்பவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. அங்கேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். முதலில் காலை எட்டு மணிக்குப் போய்க் கடை வாசலில் நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரர்களுடையதும் வேலையாட்களுடையதுமாக இருக்கும், இரவு வரை நகராது. அவற்றைத் தெருக்கோடிக்கு மாற்றினாலே வாசல்கள் காலியாகும்.

வண்டிகளையே நிறுத்திவிட்டு நடைவீதி ஆக்கிவிட்டால்?

அமெரிக்காவில் 1959-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் இதைச் செய்தது. திட்டம் போட்டது அதே விக்டர் க்ரூன். அதைப் பார்த்து ஏறத்தாழ 200 ஊர்கள் செய்தன. பெரும்பாலானவை பிறகு வண்டிகளைத் திரும்ப விட்டுவிட்டன, கலமசூவும் 1998-இல் ஒரு பகுதியில் விட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962-இல் ஸ்ட்ரோயெட் வீதியைக் கடைக்காரர்களின் எதிர்ப்புக்கு நடுவே மூடினார்கள், இன்றும் களைகட்டி நிற்கிறது.

கோபன்ஹேகனில் ஆட்கள் சுற்றிலும் குடியிருந்தார்கள், நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். அமெரிக்க ஊர்களில் மக்கள் ஏற்கெனவே புறநகருக்குப் போயிருந்தார்கள். ஆறு மணிக்குக் கடை சாத்தினால் தெருவில் ஒரு விளக்கு எரியாது. அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் கடைவீதியில் நான் முதலில் பார்ப்பது மாடியை. ஜன்னலில் துணி காய்கிறதா, அட்டை அடைத்திருக்கிறதா? பல பழைய கட்டடங்களில் மாடி காலியாகக் கிடப்பதற்கு ஒரே காரணம் படிக்கட்டு. கடையின் முகப்பை இன்னும் மூன்று அடி அகலமாக்க, தெருவிலிருந்து மேலே போகும் தனிப் படியை எப்போதோ இடித்திருப்பார்கள். இப்போது மாடிக்குப் போக வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். யார் குடிவருவார்கள்? அந்தப் படியைத் திரும்பக் கட்ட நகராட்சி பாதிச் செலவைக் கொடுத்தால், நடைபாதைக்குப் பளிங்குக் கல் பதிப்பதைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும்போது கடைவீதி எதற்கு?

பெட்டியில் வைத்து அனுப்பக்கூடிய பொருளில் போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள். அளவெடுத்துத் தைப்பது, பழுது பார்ப்பது, முடி வெட்டுவது, கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது, இவற்றுக்கு ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும்.

ஏதாவது ஒரு தனி அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைத் தூக்கி நிறுத்த முடியுமா?

முடிந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் விக்டவுன் ஆயிரம் பேர் வாழும் ஊர். பால் பண்ணைத் தொழிற்சாலையும் பக்கத்து வடிசாலையும் மூடியபின் தெருவில் ஒன்றுமில்லை. 1998-இல் அதை நாட்டின் புத்தக ஊராக அறிவித்தார்கள். காலிக் கட்டடங்களில் பழைய புத்தகக் கடைகள் வந்தன, மறு ஆண்டு முதல் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஆனால் இது உங்களுக்கும் பலிக்கும் என்று சொல்லத் தயங்குகிறேன். வெளியூர்க்காரர்களை நம்பிய தெருவில் அவர்கள் வராத மாதங்களில் என்ன செய்வது?

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மான்செஸ்டர் பக்கத்து ஆல்ட்ரிங்கம். 1998-இல் அருகே டிராஃபர்டு சென்டர் என்ற பிரம்மாண்ட மால் திறந்தது. 2010 வாக்கில் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கடை காலி. பத்திரிகைகள் பேய் ஊர் என்று எழுதின. அங்கே பழைய சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. 2014-இல் அதைச் சீர்செய்து, சுவரோரம் சிறு சமையல் கடைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான நீண்ட மர மேசைகள் என்று திறந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சாப்பிட்டபின் தெருவில் நடந்தார்கள், பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2018-இல் இங்கிலாந்தின் சிறந்த கடைவீதி என்ற விருது கிடைத்தது. உள்ளூர்க்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வர ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்பாவின் கடையை நான் எடுத்து நடத்துகிறேன். விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

கடையை நடத்துவதா விடுவதா என்பதை உங்கள் வரவு செலவுதான் சொல்ல வேண்டும். தெருவுக்காக நீங்கள் கடனாளி ஆக வேண்டியதில்லை. நடத்துவது என்று முடிவு செய்தால், தனியாக எதுவும் செய்யாதீர்கள்.

ப்ளூர் தெருக்காரர்களுக்கு வருகிறேன். சங்கம் வைத்து விருப்பப்பட்டவர் சந்தா கொடுக்கலாம் என்றால், கொடுப்பவர் பத்துப் பேர், பலன் அனுபவிப்பவர் நூறு பேர் என்று ஆகிவிடும். எந்தத் தெருவிலும் இதே சண்டைதான். அதனால் 1970-இல் அவர்கள் கேட்டு வாங்கியது ஒரு சட்டப்பூர்வ ஏற்பாடு: பெரும்பான்மையோர் ஒத்துக்கொண்டால் அந்தத் தெருவின் எல்லாக் கடைகளிடமும் கூடுதல் வரி வசூலிக்கப்படும், அந்தப் பணம் முழுவதும் அந்தத் தெருவுக்கே திரும்ப வரும், செலவைத் தீர்மானிப்பது கடைக்காரர்கள். விளக்கு, பெஞ்சு, மரம், விழா என்று தொடங்கினார்கள். உலகத்தில் இப்படிப்பட்ட முதல் ஏற்பாடு அது.

அமெரிக்காவில் 1977-இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு ஊர்களில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான தேசிய அறக்கட்டளை ஒரு சோதனை நடத்தியது. அதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றுதான்: தெருவுக்கென்று சம்பளம் வாங்கும் முழுநேர மேலாளர் ஒருவர். ஷட்டர் யாருடையது, யார் இடம் தேடுகிறார், எந்தக் கூரை ஒழுகுகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அவர் வேலை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதற்கு நேரம் இருக்காது.

மேலாளர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது: ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை வாரிசுகள், அவர்களில் பேசக்கூடியவர் யார், எவ்வளவு நாளாகப் பூட்டியிருக்கிறது, மாடிக்குத் தனிப் படி உண்டா, தண்ணீரும் மின்சாரமும் இன்னும் இருக்கின்றனவா. எழுதி முடிக்கும்போது மூன்று நான்கு கட்டடங்களாவது சின்னச் செலவில் திறக்கக்கூடியவை என்று தெரியவரும். அவற்றின் உரிமையாளர்களில் உங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர் யாரோ அவரிடம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு முதலில் போங்கள்.