டைரோசின் கொடுத்தும் ஈஸ்ட் ஏன் பட்டினி கிடக்கிறது?

தரமணியில் எம்.எஸ்சி. படிக்கும் வாசகி கேட்கிறார்: "ஆரோ3 மரபணுவை நீக்கிய ஈஸ்ட், அமினோ அமிலமே இல்லாத ஊடகத்தில் வளர்கிறது. கூடுதல் சத்தாக இருக்கட்டுமே என்று டைரோசின் சேர்த்தால் வளர மாட்டேன் என்கிறது. டைரோசின் கெட்டுவிட்டதா?"

பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அருமையான முடிவு.

டைரோசின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபான் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் ஈஸ்ட் ஒரே பாதையில்தான் தயாரிக்கத் தொடங்குகிறது. முதல் படிக்கு ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நொதிகள்: ஆரோ3, ஆரோ4. அதே பெயர் கொண்ட மரபணுக்களிலிருந்து வருபவை. ஃபினைல்அலனின் மிகுந்தால் ஆரோ3 அடங்கும்; டைரோசின் மிகுந்தால் ஆரோ4 அடங்கும்.

நம் ஊர் அடுக்குமாடி வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் மூன்று வீட்டுக்கும் தனித்தனித் தொட்டி, கீழே இரண்டு மோட்டார். ஒன்றின் சென்சார் ஃபினைல்அலனின் தொட்டியில், மற்றதன் சென்சார் டைரோசின் தொட்டியில். நீங்கள் முதல் மோட்டாரைக் கழற்றிவிட்டீர்கள். அப்புறம் லாரித் தண்ணீர் வாங்கி டைரோசின் தொட்டியை நிரப்பினீர்கள். மிச்சமிருந்த மோட்டாரும் நின்றது. மற்ற இரண்டு வீட்டுக் குழாயிலும் காற்றுதான்.

செல் சும்மா இருப்பதில்லை. புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து செல்வது டிஆர்என்ஏ. சுமை ஏறாத டிஆர்என்ஏ சேரும்போது ஜிசிஎன்2 என்ற நொதி அதை உணர்கிறது. அதனால் மரபணுக்களை இயக்கும் ஜிசிஎன்4 என்ற புரதம் பெருகி, அமினோ அமிலத் தயாரிப்பு மரபணுக்கள் பலவற்றை முடுக்கிவிடுகிறது. ஆரோ4-உம் அதில் உண்டு. ஆனால் புதிதாக வரும் நொதியும் அதே டைரோசினிடம்தான் மாட்டிக்கொள்கிறது.

சரி, எப்படி உறுதி செய்வது? மூன்று பிளேட் போடுங்கள்: எதுவும் சேர்க்காதது, டைரோசின் மட்டும், டைரோசினோடு ஃபினைல்அலனினும் டிரிப்டோஃபானும். மூன்றாவதில் காலனிகள் திரும்ப வந்தால் காரணம் பட்டினிதான், விஷமல்ல. பக்கத்திலேயே மரபணு நீக்காத ஈஸ்ட்டையும் கோடிழுத்து வையுங்கள்.

டிரிப்டோஃபானை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க வேண்டாம்; வடிகட்டி, ஃபாயில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். டைரோசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, லிட்டருக்கு அரை கிராம்கூட ஏறாது. அடியில் வெள்ளைத் துகள் தெரிந்தால், எவ்வளவு சேர்த்தோம் என்ற கணக்கே தப்பு. பிளேட்டுகள் 30 டிகிரி இன்குபேட்டரில் இருக்கட்டும். மே மாதச் சென்னையில் மேசை மேல் விடாதீர்கள்.

ஆரோ4 நொதியில் 229ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை லியூசினாக மாற்றிய ஈஸ்ட் ஸ்ட்ரெயின் (வகை) உண்டு. டைரோசின் அந்த நொதியை அடக்காது. அந்த ஸ்ட்ரெயின் கிடைத்தால் அதையும் இதே பிளேட்டுகளில் வளர்த்துப் பாருங்கள்.