இடம் கிடைத்தது, கட்டணத்துக்கு எங்கே போவது?

வாசகர் கேள்வி – பதில்: மருத்துவப் படிப்பும் பண உதவியும்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சுயநிதி மருத்துவக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. அரசே பணம் கட்டிவிடும் என்கிறார்கள். வெறுங்கையோடு போய்ச் சேர்த்துவிடலாமா?
– தையல் வேலை செய்யும் தாய், சேலம்

தைரியமாகப் போங்கள் அம்மா. 2020-ல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு இந்த ஒதுக்கீடு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் இதில் அரசுப் பள்ளிகள்தான். இந்த ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. கலந்தாய்வில் தரும் ஒதுக்கீட்டு ஆணையில் 7.5 சதவீத ஒதுக்கீடு என்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை ஆண்டும் அது தேவைப்படும்.

“இப்போது கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று கல்லூரி அலுவலகம் சொன்னால் கட்ட வேண்டாம். என்ன கட்டணம், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக் குழுவுக்கு அன்றே புகார் அனுப்புங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது, கட்டாமல் நின்று கேட்பதைவிடப் பல மடங்கு கடினம்.

கைச்செலவு உங்களுடையதுதான். வெள்ளைக் கோட்டு, அறுத்துப் பார்க்கும் கருவிப் பெட்டி, அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி புத்தகங்கள், எலும்பு செட் இவை முதல் ஆண்டில் வரும். எலும்பு செட்டையும் புத்தகங்களையும் புதிதாக வாங்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். ஸ்டெதஸ்கோப் முதல் மாதத்திலேயே வேண்டியதில்லை.

இதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் மகளுக்கு உண்டு. வேறு உதவி வாங்கினாலும் இதை வாங்கத் தடை இல்லை. கல்லூரியில் இத்திட்டத்துக்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். பள்ளியின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்), மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு நான்கையும் அவரிடம் கொடுங்கள். மகன்கள் இருக்கும் வீட்டார் இதே தொகைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு, ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் ஒதுக்கீடு போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: நாங்கள் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர்கள். மகனுக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் வரவில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையில் முழுக் கட்டணமும் வந்துவிடும் என்று ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

நம்ப வேண்டாம் ஐயா. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. முதல் ஆண்டுப் பணத்தை நிலத்தை விற்றுக் கட்டிவிட்டு, உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் குடும்பங்களுக்கு இது தெரிய வருகிறது. அப்போது படிப்பை விடவும் முடியாது, தொடரவும் முடியாது. முகவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் நிலைமை வேறு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம்தான் கணக்கில் வரும், கல்லூரி தனியாகக் கேட்கும் தொகை வராது. அதற்கு மேல் பராமரிப்புத் தொகையாக விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்கு 7,000 ரூபாய். மாற்றுத்திறனாளி என்றால் இன்னும் 10 சதவீதம் கூடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும்.

2020-21 முதல் இந்தச் செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநிலத்துடையது. மத்தியப் பங்கு கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் விழுந்தால் அது வீட்டுச் செலவுக்கான பணம் அல்ல, கல்லூரிக் கட்டணம். வந்த வாரமே கல்லூரிக்குச் செலுத்தி ரசீது வாங்குங்கள். அந்தப் பணம் செலவாகிவிட்டால், கல்லூரிக் கணக்கில் அது பாக்கியாகவே நிற்கும். தேர்வு நுழைவுச் சீட்டு தரும் நேரத்தில் அந்தப் பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

இந்த ஆண்டு மதிப்பெண் போதவில்லை என்றால், முகவருக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் சிறு பங்கை வைத்து மகனை இன்னோர் ஆண்டு நீட் எழுத வைப்பதுதான் எங்கள் யோசனை.

கேள்வி: உதவித்தொகை அனுப்பப்பட்டுவிட்டது என்று தளத்தில் காட்டுகிறது. வங்கிப் புத்தகத்தில் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள், வங்கியில் கல்லூரியைக் கேள் என்கிறார்கள்.
– இரண்டாம் ஆண்டு மாணவி, தஞ்சாவூர்

பெரும்பாலும் கோளாறு வங்கிக் கணக்கில்தான் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஆதார் இணைப்பு. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்கு இதுதான் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பதிவில் ஏற்றுவது வேறு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு ‘இணைத்தாயிற்று’ என்று இருப்பவர்கள் நிறைய. மைஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எண்ணோடு உள்ளே போனால் ‘வங்கி இணைப்பு நிலை’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எந்த வங்கியின் பெயர் வருகிறதோ அங்கேதான் பணம் போகும். எப்போதோ எரிவாயு மானியத்துக்கோ வேறு எதற்கோ தொடங்கி மறந்துபோன கணக்கில் உங்கள் பணம் பத்திரமாகக் கிடக்கலாம். மாற்ற வேண்டுமென்றால், எந்த வங்கியில் வேண்டுமோ அந்தக் கிளையில் ஆதார் இணைப்பு ஒப்புதல் படிவம் கொடுங்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். ஊழியர் ‘ஆகிவிட்டது’ என்று சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, கணக்கின் வகை. பள்ளியில் படிக்கும்போது குறைந்த ஆவணத்தோடு தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்றால், ஓராண்டில் மொத்தம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் 4 லட்சம் என்றால் மத்தியப் பங்கே 2.4 லட்சம். அந்தக் கணக்கு அதைத் திருப்பி அனுப்பிவிடும். முழு ஆவணங்களைக் கொடுத்து சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இரண்டு ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லாமல் செயலற்றுப் போன கணக்கு. கிளைக்கு நேரில் போய் உயிர்ப்பிக்க வேண்டும்.

நான்காவது பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. மனிதருக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்துங்கள். எதிர்காலத்தில் மருத்துவக் கவுன்சில் பதிவுக்கும் அதுதான் உதவும்.

நான்கும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், பரிவர்த்தனை எண்ணைக் கல்லூரி அலுவலரிடமிருந்து எழுதி வாங்கி வங்கிக்குப் போங்கள். எண் கையில் இருந்தால் ‘அங்கே கேள், இங்கே கேள்’ என்று அலைக்கழிக்க முடியாது.

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் மகளுக்கு இடம். உதவித்தொகைக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிட்டோம். 7 லட்சம் கல்விக் கடன் கேட்டால் வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள். எங்களிடம் நிலம் இல்லை.
– தனியார் பேருந்து நடத்துநர், மதுரை

கேட்கக் கூடாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். மாணவரோடு பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். கடன் திரும்பாமல் போனால் நிலுவையில் 75 சதவீதத்தை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்கு ஈடு செய்யும். 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும்.

கிளையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாய்வார்த்தையாகத் திரும்பி வராதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எண்ணும் தேதியும் பதிவாகும். ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். ‘உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை’ என்ற காரணம் கல்விக் கடனுக்குச் செல்லாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு இல்லை.

கல்லூரியில் கட்டண மதிப்பீட்டுச் சான்று வாங்கும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதி வாங்கிவிடாதீர்கள். விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், புத்தகம், கருவிகள் எல்லாம் கடனில் அடங்கும். முதலில் விட்டதை மூன்றாம் ஆண்டில் சேர்ப்பது பெரும்பாடு.

இனி வட்டி. ஆண்டுக்கு 2 லட்சமாக ஐந்து ஆண்டு, மொத்தம் 10 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் பயிற்சியும் ஐந்தரை ஆண்டு, அதற்கு மேல் ஓராண்டு சலுகைக் காலம். அந்த ஆறரை ஆண்டும் தனி வட்டி ஏறும். அது மொத்தம் 4.5 லட்சம். தவணை தொடங்கும் அன்று கடன் 14.5 லட்சம், 15 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 15,600 ரூபாய். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் அசல் 10 லட்சத்தோடு நிற்கும், தவணை சுமார் 10,750 ரூபாய். முதல் ஆண்டு வட்டி மாதம் 1,670 ரூபாய்தான். முடிந்த மாதம் கட்டுங்கள். வட்டியை ஒழுங்காகக் கட்டுபவருக்கு 1 சதவீத வட்டிக் குறைப்பு தரும் வங்கிகளும் உண்டு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்த ஆறரை ஆண்டு வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டால் பல கிளைகளில் சொல்ல மாட்டார்கள். வருமானச் சான்றிதழைக் கடன் மனுவோடே கொடுத்து, வட்டி மானியம் கோருகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் நின்றுவிடும், உடல்நிலைக் காரணம் தவிர.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம் இன்னொன்று. மத்திய அரசு நிறுவனங்களுக்கும் தேசியத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் கல்லூரிகளுக்கும் மட்டும் அது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தளத்திலேயே தேடிப் பாருங்கள். இருந்தால் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கும் 10 லட்சம் வரையிலான கடனுக்கு அதே ஆறரை ஆண்டில் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கும்.

கேள்வி: அண்ணன் பொறியியல் மூன்றாம் ஆண்டு, முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறான். எம்.பி.பி.எஸ். சேரும் எனக்கும் அந்தச் சலுகை உண்டா?
– மாணவர், தருமபுரி

இல்லை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். முதல் பட்டதாரி சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது என்பதை மட்டும் மற்ற வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடினால் கூட்டம் முட்டும், ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா?
– மாணவி, நாகர்கோவில்

உங்கள் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று ஆண்டு தலா 12,000 ரூபாய், நான்காம், ஐந்தாம் ஆண்டு தலா 20,000 ரூபாய், ஆக 76,000 ரூபாய். புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஆனால் வேறு உதவித்தொகை எதுவும் வாங்கக் கூடாது. அரசுப் பள்ளி மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்திலேயே ஆண்டுக்கு 12,000 வந்துவிடுகிறது, அதோடு மாநிலக் கட்டணச் சலுகையையும் வைத்துக்கொள்வதே லாபம். மாநில உதவி எதுவும் கிடைக்காதவருக்குத்தான் இது கைகொடுக்கும்.

கேள்வி: உதவித்தொகையை விடுவிக்க 3,000 ரூபாய் அனுப்பச் சொல்லி ஓர் அழைப்பு வந்தது. ஓடிபியும் கேட்டார்கள்.
– மாணவர், கரூர்

மோசடி. எந்த அரசு உதவித்தொகைக்கும் விடுவிப்புக் கட்டணம் கிடையாது. ஓடிபி சொல்லிவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை வைத்துவிட்டு உடனே 1930-ஐ அழையுங்கள், அடுத்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.