மறு: டிவி பதிவு ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆகிறது

கேப்சர் கார்டில் (டிவி சிக்னலைக் கணினிக்குள் எடுக்கும் அட்டை) 720×576 அளவில் பதிகிறீர்கள், மணிக்கு 75 ஜிபி வருகிறது, ஓடும் ஆட்கள் மேல் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 75 ஜிபி என்றால் சுருக்கமே நடக்கவில்லை நண்பரே. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையைத் தேர்ந்தெடுங்கள், பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) பூட்டாமல் சிஆர்எஃப் என்ற தர எண்ணை 20 வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும். 6 கூட்டினால் ஃபைல் ஏறக்குறையப் பாதியாகும். பிரீசெட் (சுருக்கும் வேகம்) 'வெரிஃபாஸ்ட்' போதும். மெதுவானதை வைத்து சிபியு திணறி ஃபிரேம் விட்டுப்போனால் எந்த சிஆர்எஃப்பும் காப்பாற்றாது.

அந்தக் கோடு சுருக்கத்தின் குற்றமில்லை, இன்டர்லேஸ்: அடுத்தடுத்த இரு கணங்களின் வரிகள் ஒரே ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னி வருவது. அவற்றைப் பிரிக்கும் யாடிஃப் ஃபில்டரை நொடிக்கு 50 ஃபிரேம் வரும்படி போடுங்கள். 25 ஆக்கினால் விளையாட்டில் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். எம்பி4 வேண்டாம், எம்கேவி ஃபைல் வடிவில் சேமியுங்கள்: நடுவில் கணினி அணைந்தாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் பிழைக்கும். (டிஜிட்டல் டியூனர் இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், ஏற்கெனவே சுருக்கி வரும் டிஎஸ் ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.)