நடுக்காது எலும்பில் கோளாறா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பதா, சி.ரி. ஸ்கான் எடுப்பதா?

கேட்டவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். யுத்தத்துக்குப் பிறகு ஒரு காது மந்தமாம், செவிப்பறையில் ஓட்டை இல்லையாம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்கிறார். நான் கிளிநொச்சி. இதே பாதையால் வந்தவன்.

எலும்பைப் பார்க்க சி.ரி. தான். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தச் சின்ன எலும்புகளும் கறுப்பு, அவற்றைச் சுற்றியிருக்கும் காற்றும் கறுப்பு. சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றும் அந்த இருட்டுக்குள் போய்விடும். அதைவிட முக்கியம், அப்பாவின் உடம்பில் செல் (எறிகணை) துண்டு ஏதும் இருக்கிறதா? இரும்பென்றால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கும். கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். 'பழங்காயம், ஆறிவிட்டது' என்று சொல்லாமல் விடுகிறவர்கள் எங்கள் வன்னியில் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

எனக்கு நடந்தது 2009 இல். செல் அதிர்வில் தூக்கியெறியப்பட்டு, பங்கர் வாசல் மரக்குற்றியில் தலை அடிபட்டது. இடது காதால் இரத்தம் வந்தது. காயம் ஆறியது, கேட்டல் திரும்பவில்லை. பிறகு எடுத்த தலை ஸ்கானில் பிழையில்லை என்றார்கள். ஓரிடத்தில் 'நரம்பு செத்துவிட்டது' என்றதை நம்பி ஒன்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பொறுக்காது.

கடைசியில் ஒரு காது வைத்தியர், தட்டினால் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். பிறகு காதுக்கு முன்னால் பிடித்தார். எலும்பில் வைத்தபோதுதான் சத்தம் கூட. "தம்பி, நரம்பு வேலை செய்யுது. சத்தம் உள்ளுக்குப் போற வழியிலதான் பிழை" என்றார். கேட்டலை அளக்கும் ஓடியோகிராமிலும் காற்று வழிக்கும் எலும்பு வழிக்கும் இடையில் 50 டெசிபல் இடைவெளி.

அப்புறம்தான் யாழ்ப்பாணம் போய், காது எலும்புக்கென்றே மெல்லிய வெட்டுகளாக சி.ரி. எடுத்தோம். அங்கவடி மொத்தமே 3 மில்லிமீற்றர் அளவு. சாதாரண தலை ஸ்கானின் தடித்த வெட்டில் அது எங்கே தெரியப் போகிறது? இதிலோ ஒரு வெட்டு அரை மில்லிமீற்றர் சொச்சம்தான். வலது காதில் சுத்தியின் தலையும் பட்டடையும் கோனில் வைத்த ஐஸ்கிறீம் மாதிரி ஒட்டி நின்றன. இடதில் உருண்டை தனி, கோன் தனி. வைத்தியர் காட்டியபோது எனக்கே விளங்கியது.

ஒப்பரேசனில் என் பட்டடையையே செதுக்கி, சுத்திக்கும் அங்கவடிக்கும் இடையில் பொருத்தினார்கள். முழுக்க இல்லை, ஆனால் இடது பக்கம் இருந்து பிள்ளை கூப்பிட்டால் இப்போது திரும்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சி.ரி. சரியாக இருந்தாலும் எலும்பு சரி என்று அர்த்தமில்லை. அங்கவடி இறுகிப்போயிருந்தால் சில நேரம் படத்தில் தெரியாது, செவிப்பறையைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். அதனால் முதலில் ஓடியோகிராம். எலும்பு வழியைத் தனியாகச் சோதித்தார்களா என்று கேட்டு, அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள்.